ஒரே நஞ்சு, இரண்டு எலி: மரபணுவை வெட்டி ஒட்டும் இடத்தில் ஓர் எழுத்துப் பிழை

டயாக்சின் குடும்பத்திலேயே கொடியது டி.சி.டி.டி. என்ற வேதிப்பொருள். பின்லாந்து ஆய்வாளர்கள் அதை இரண்டு வகை ஆய்வக எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். லாங்-ஈவன்ஸ் வகை எலிகளில் பாதியைக் கொல்வதற்கு, உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 10 முதல் 18 மைக்ரோகிராம் போதுமானதாக இருந்தது. ஹான்/விஸ்டர் என்ற மற்றொரு வகையிலோ 9,600 மைக்ரோகிராம் கொடுத்தும் பாதி எலிகளைக்கூடக் கொல்ல முடியவில்லை. இரண்டும் ஒரே உயிரினம். ஒன்றோடொன்று கலந்து குட்டி போடக்கூடியவை. ஆனாலும் தாங்கும் அளவில் ஐந்நூறு முதல் ஆயிரம் மடங்கு வேறுபாடு.

காரணத்தைத் தேடிப் போனபோது அகப்பட்டது, மரபணுவில் மாறியிருந்த ஒரே ஓர் எழுத்து. அதுவும் புரதம் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் பகுதியில் இல்லை. செல் வெட்டி எறிந்துவிடும் பகுதியில் இருந்தது. எறியப்படும் துண்டில் உள்ள பிழை, எறியப்படாத புரதத்தை எப்படிக் கெடுக்கும்? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால், ஆய்வக எலிகளுக்கிடையே நொதிகள் ஏன் வேறுபடுகின்றன என்பதில் ஒரு முக்கியமான பகுதி விளங்கிவிடும்.

முதலில் அடிப்படை. நொதி என்பது உடலுக்குள் வேதிவினையை விரைவாக நடத்தித் தரும் புரதம். கல்லீரலில் மருந்தைச் சிதைப்பதும், இரத்தத்தில் சேரும் பிலிருபின் என்ற மஞ்சள் நிறக் கழிவை வெளியேற்றத் தக்கதாக மாற்றுவதும் நொதிகளின் வேலைதான். ஒவ்வொரு நொதிக்கும் டி.என்.ஏ.வில் ஒரு செய்முறைக் குறிப்பு உண்டு, அதுதான் மரபணு. செல் அந்தக் குறிப்பை நேராகப் படித்துப் புரதம் செய்வதில்லை. முதலில் ஆர்.என்.ஏ. என்ற படியை எடுக்கிறது. பிறகு அந்தப் படியைத் திருத்துகிறது. அதன் பிறகே புரதம் உருவாகிறது.

நடுவில் வரும் அந்தத் திருத்தம்தான் ஸ்ப்ளைசிங். தமிழில் வெட்டி ஒட்டுதல் என்று சொல்லலாம். 1977ஆம் ஆண்டு வரை இப்படியொரு வேலை நடப்பதே யாருக்கும் தெரியாது. மரபணு தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே நீளமான வாசகம் என்றுதான் நினைத்திருந்தார்கள். அந்த ஆண்டில் ஃபிலிப் ஷார்ப், ரிச்சர்ட் ராபர்ட்ஸ் இருவரின் குழுக்களும் தனித்தனியாக ஒரு வைரஸை ஆராய்ந்து, மரபணு துண்டு துண்டாகக் கிடக்கிறது என்று காட்டினார்கள். அதற்காக 1993இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. வைத்துக்கொள்ளும் துண்டுக்கு எக்ஸான் என்றும், நீக்கப்படும் துண்டுக்கு இன்ட்ரான் என்றும் பெயர் வைத்தவர் வால்டர் கில்பர்ட்.

இதைத் தமிழ் எழுத்துகளை வைத்தே பார்த்துவிடலாம். இப்படி ஒரு வரி இருக்கிறது என்று கொள்வோம்:

மரம்தரும்குபுகுபுநிழல்குபுகுபுசுகம்

இதில் 'குபுகுபு' என்பது இன்ட்ரான். இரண்டு இடங்களில் வருகிறது. இரண்டையும் வெட்டிவிட்டு மிச்சத்தை ஒட்டினால் 'மரம்தரும்நிழல்சுகம்' என்று வரும். செல் இந்த வாசகத்தை மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கும். ஒவ்வொரு மூன்றெழுத்தும் ஓர் அமினோ அமிலத்தை, அதாவது புரதத்தைக் கோத்துக் கட்டும் ஒரு மணியை, குறிக்கும். நம் வரியும் அப்படியே பிரியும்: மரம், தரும், நிழல், சுகம். பொருள் சரியாக வந்துவிட்டது.

இப்போது கத்தி ஓர் எழுத்து தள்ளி விழுந்து, 'நிழல்' என்பதில் 'நி' பறிபோய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சத்தை மூன்று மூன்றாகப் படித்தால் 'மரம் தரும் ழல்சு கம்' என்றாகிவிடும். பிழை நேர்ந்தது ஓரிடத்தில்தான். அதற்குப் பின்னால் வரும் எல்லாமே உளறல். முதல் 'குபுகுபு'வை வெட்ட மறந்தாலோ 'மரம் தரும் குபுகு புநிழ ல்சுக ம்'. இதுவும் உளறல்தான். ஆனால் 'நிழல்' என்ற துண்டு முழுவதையும் தாண்டிப் போய் ஒட்டிவிட்டால்? 'மரம் தரும் சுகம்.' சொல் குறைந்தாலும் பொருள் இருக்கிறது, வேறு பொருள். மூன்றின் மடங்காக எழுத்துகள் போனால் வாசகம் குலையாது, உருமாறும். மற்ற எண்ணிக்கையில் போனால் குலையும். வெட்டி ஒட்டுவதில் நேரும் பிழைகள் சில நேரம் லேசாகவும் சில நேரம் பேரழிவாகவும் முடிவதற்கு இந்தக் கணக்கு பெரிய காரணம்.

உண்மையான செல்லில் உளறலாகிவிட்ட வாசகம் வெகுதூரம் ஓடாது. அறுபத்து நான்கு மூன்றெழுத்துச் சேர்க்கைகளில் மூன்று, 'இத்துடன் நிறுத்து' என்று பொருள்படுபவை. மூன்று மூன்றாகப் பிரித்துப் படிக்கும் சட்டகம் நகர்ந்தால் அவற்றில் ஒன்று சீக்கிரமே எதிர்ப்பட்டுவிடும். அப்படி அரைகுறையாக நிற்கும் ஆர்.என்.ஏ.வைக் கண்டுபிடித்து அழிப்பதற்கென்றே செல்லிடம் ஒரு காவல் ஏற்பாடும் உண்டு. அதனால் பல சமயங்களில் கெட்டுப்போன நொதிகூடக் கிடைப்பதில்லை. நொதியே இல்லாமல் போய்விடுகிறது.

சரி, எங்கே வெட்டுவது என்று செல்லுக்கு எப்படித் தெரிகிறது? டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளான ஏ, சி, ஜி, டி ஆகியவற்றில்தான் அடையாளமும் எழுதப்பட்டிருக்கிறது. ஏறக்குறைய எல்லா இன்ட்ரானும் 'ஜி-டி' என்று தொடங்கி 'ஏ-ஜி' என்று முடியும். இந்த இரண்டெழுத்து மட்டும் போதாது. சுற்றியுள்ள சில எழுத்துகளும் ஏறத்தாழச் சரியாக அமைய வேண்டும். யு1 என்ற சிறிய ஆர்.என்.ஏ.வும் அதைச் சூழ்ந்த புரதங்களும் இன்ட்ரானின் தொடக்கத்தோடு ஒட்டிக்கொண்டு இடத்தைக் குறிக்கும். பிறகு வேறு பல கூறுகள் வந்து சேர்ந்து வெட்டி ஒட்டுகின்றன. இவை போக, 'இந்த எக்ஸானைச் சேர்', 'இதை விட்டுவிடு' என்று சொல்லும் ஒழுங்குபடுத்தும் புரதங்களும் உண்டு. அவை திசுவுக்குத் திசு மாறும்.

அந்த மாற்றம் எப்போதும் பிழையல்ல என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். எலியின் பைருவேட் கைனேஸ் என்ற நொதியே நல்ல எடுத்துக்காட்டு. குளுக்கோஸைச் சிதைத்து ஆற்றல் எடுக்கும் பாதையின் கடைசிப் படியில் வேலை செய்வது அது. தசையிலும் மூளையிலும் எம்1 என்ற வடிவம் இருக்கும். கருவிலும் புற்றுக்கட்டிகளிலும் எம்2 என்ற வடிவம் மிகுந்திருக்கும். இவை இரண்டும் வெவ்வேறு மரபணுக்களிலிருந்து வருபவை அல்ல, ஒரே எலி மரபணுவை இரண்டு விதமாக வெட்டி ஒட்டுவதால் வருபவை என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 1986இல் காட்டினார்கள். ஒன்பதாவது எக்ஸானை எடுத்தால் எம்1, பத்தாவதை எடுத்தால் எம்2. ஐந்நூறுக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்களில் ஏறக்குறைய இருபதில்தான் வேறுபாடு. ஆனால் எம்1 எப்போதும் சுறுசுறுப்பாக ஓடும். எம்2 செல்லின் நிலவரத்தைப் பார்த்து வேகத்தைக் கூட்டும், குறைக்கும். ஒரே எலியின் உடலுக்குள் நடக்கும் இயல்பான வேறுபாடு இது. நமக்கு வேண்டியது, எலிக்கும் எலிக்கும் இடையே பரம்பரையாக வரும் வேறுபாடு.

அதற்கு ஆய்வக எலிகள் யார் என்று ஒரு பார்வை. (சுண்டெலியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்; அது வேறு உயிரினம்.) விஸ்டர் எலிகளின் வரலாறு 1906ஆம் ஆண்டில் தொடங்குகிறது. லாங்-ஈவன்ஸ் 1915இல், ஸ்ப்ரேக்-டாலி 1925இல் வந்தன. இவற்றிலிருந்தும் பிறவற்றிலிருந்தும் நூற்றுக்கணக்கான கால்வழிகள் கிளைத்தன. அண்ணன் தங்கை எலிகளையே இணைசேர்த்து இருபது தலைமுறைக்குக் குறையாமல் வளர்த்தால், அந்தக் கால்வழியில் உள்ள எலிகள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அச்சில் வார்த்தவை போல ஆகிவிடும். அதைத் தூய கால்வழி என்பார்கள். இப்படிப் பிரித்து வளர்க்கும்போது, எப்போதோ ஓர் எலியில் தற்செயலாக நேர்ந்த எழுத்துப் பிழை ஒரு கால்வழி முழுவதிலும் நிலைத்துவிடும். பக்கத்துக் கூண்டில் உள்ள இன்னொரு கால்வழியில் அது இருக்காது.

இப்போது டயாக்சினுக்குத் திரும்பலாம். டயாக்சின் செல்லுக்குள் நுழைந்ததும் ஏ.எச். ஏற்பி என்ற புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. இந்த ஏற்பி நொதி அல்ல. நொதி மரபணுக்களை முடுக்கிவிடும் விசை. குறிப்பாக சி.ஒய்.பி.1ஏ1 என்ற, வேதிப்பொருள்களைச் சிதைக்கும் நொதியின் உற்பத்தியை இது பலமடங்கு உயர்த்தும். லாங்-ஈவன்ஸ் எலியின் ஏற்பி ஏறத்தாழ 106 கிலோடால்டன் (புரதங்களின் எடையைச் சொல்லும் அலகு) எடையுள்ளது. ஹான்/விஸ்டர் எலியின் ஏற்பியோ 98தான் வந்தது. எட்டு கிலோடால்டன் எங்கே போயிற்று?

ரைமோ போயன்விர்தா குழுவினர் 1998இல் விடையை வெளியிட்டார்கள். பத்தாவது இன்ட்ரானின் முதல் எழுத்து 'ஜி'யாக இருக்க வேண்டும். ஹான்/விஸ்டர் எலியில் அது 'ஏ'. அதாவது 'ஜி-டி' என்ற அடையாளம் 'ஏ-டி' ஆகிவிட்டது. வெட்டும் கருவிக்கு அந்த இடம் தெரியவில்லை. வெட்டாமலும் இருக்க முடியாது. ஆகவே அக்கம்பக்கத்தில், சாதாரணமாக யாரும் கண்டுகொள்ளாத வேறு 'ஜி-டி'க்களைத் தேடிப் பிடித்து வெட்டுகிறது. இன்ட்ரானுக்குள் சற்றுத் தள்ளி வெட்டும்போது தேவையற்ற எழுத்துகள் உள்ளே வந்துவிடுகின்றன. எக்ஸானுக்குள்ளேயே முன்கூட்டி வெட்டும்போது தேவையானவை போய்விடுகின்றன. எப்படி வெட்டினாலும் புரதத்தின் வால்பகுதியில் சுமார் நாற்பது அமினோ அமிலங்கள் காணாமல் போகின்றன.

எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடமே இனிமேல்தான். வால் போன ஏற்பி செத்துவிடவில்லை. டயாக்சினோடு நன்றாகவே ஒட்டுகிறது. சி.ஒய்.பி.1ஏ1 நொதியையும் லாங்-ஈவன்ஸ் எலியில் போலவே முடுக்கிவிடுகிறது. ஆனால் டயாக்சினின் வேறு சில விளைவுகள், உயிரைப் பறிப்பவை உட்பட, மட்டுப்பட்டுவிடுகின்றன. ஏற்பியின் வால்பகுதி சில மரபணுக்களை முடுக்கத் தேவைப்படுகிறது, வேறு சிலவற்றுக்குத் தேவைப்படவில்லை என்றே இதற்குப் பொருள். எலிகளைக் கலந்து இனப்பெருக்கம் செய்து பார்த்ததில், தாங்குதிறனுக்கு இன்னொரு மரபணுவும் ஓரளவு கைகொடுக்கிறது என்றும், பெரும்பங்கு இந்த ஏற்பிக்குத்தான் என்றும் தெரிந்தது.

இதே வகைப் பிழைக்கு இன்னும் தூய்மையான எடுத்துக்காட்டு நாகசே எலி. ஸ்ப்ரேக்-டாலி எலிகளிலிருந்து ஜப்பானில் பிரித்தெடுக்கப்பட்டு 1979இல் அறிவிக்கப்பட்டது. இரத்தத்தில் மிகுதியாக உள்ள புரதமான ஆல்புமின் இந்த எலிகளில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. ஆல்புமின் நொதியல்ல என்றாலும் பாடம் ஒன்றுதான். 1983இல் மரபணுவைப் பார்த்தபோது, ஓர் இன்ட்ரானின் தொடக்கத்தை ஒட்டி ஏழு எழுத்துகள் விடுபட்டிருந்தன. 'ஜி-டி' என்ற இரண்டெழுத்து அப்படியே இருந்தது. அதற்கு அடுத்த எழுத்துகள்தான் போயிருந்தன. அதுவே போதுமாக இருந்தது. வெட்டும் கருவி அந்த இடத்தில் பிடிப்பு கிடைக்காமல், முன்னால் இருந்த எக்ஸானையே தாண்டிப் போய் ஒட்டியது. நம் வரியில் 'நிழல்' காணாமல் போனது போல; ஆனால் இங்கே மிஞ்சியது பொருளுள்ள வாசகம் அல்ல. ஆல்புமின் இல்லாமலும் எலிகள் உயிரோடு இருப்பதுதான் எல்லோரையும் வியக்க வைத்தது. இரத்தத்தில் கொழுப்பு மட்டும் மிகுந்துவிடுகிறது.

இதுவரை பார்த்தவற்றில் பிழை பாதிக்கப்பட்ட மரபணுவுக்குள்ளேயே இருந்தது. வெட்டும் வேலையை ஒழுங்குபடுத்தும் புரதமே கெட்டுப்போனால் நிலைமை வேறு. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் இருந்த ஒரு கால்வழி எலிகளின் இதயத்தில், டைட்டின் என்ற தசைப்புரதம் வழக்கத்தைவிட மிகப் பெரியதாக இருந்தது. டைட்டின் மரபணுவில் குறை எதுவும் இல்லை. ஆர்.பி.எம்.20 என்ற, 'இந்த எக்ஸான்களை விட்டுவிடு' என்று சொல்லும் புரதத்தின் மரபணுவில் பெரும்பகுதி அழிந்துபோயிருந்தது. 2012இல் இது வெளியானது. சொல்ல ஆளில்லாததால் எல்லா எக்ஸான்களும் உள்ளே வந்துவிட்டன. இதே புரதத்தின் மேற்பார்வையில் இருப்பது கால்மோடுலின் கைனேஸ் இரண்டு டெல்டா என்ற நொதி. இதயச் செல்லில் கால்சியத்தின் போக்கைக் கவனித்துக்கொள்வது. அந்த நொதியும் இந்த எலிகளில் பெரிய வடிவத்துக்கு மாறிவிட்டது. ஓரிடத்தில் விழுந்த அடி, வேறெங்கோ குரோமோசோமில் குறையில்லாமல் இருக்கும் நொதி மரபணுவின் விளைபொருளை மாற்றிவிட்டது. நொதியின் மரபணுவை மட்டும் எழுத்தெழுத்தாகப் படித்தால் ஒன்றும் புரியாது. மனிதர்களிலும் ஆர்.பி.எம்.20 மரபணுவில் குறை இருந்தால் இதயம் விரிந்து தளரும் நோய் வருகிறது.

கன் எலியைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை, அது வெட்டி ஒட்டும் பிழையால் வந்தது அல்ல என்றபோதிலும். 1938இல் கன் என்பவர் விவரித்த இந்த எலிகளுக்குப் பிறவியிலேயே மஞ்சள் காமாலை. பிலிருபினை வெளியேற்ற உதவும் யு.ஜி.டி.1ஏ1 நொதி அவற்றில் வேலை செய்வதில்லை. ஆனால் அவற்றில் அந்த ஒரு நொதி மட்டுமா இல்லை? அதே குடும்பத்தின் பிற நொதிகளும் இல்லை. காரணம், அந்த மரபணுத் தொகுப்பின் அமைப்பு. முதல் எக்ஸான் மட்டும் பல வகையாக வரிசையில் நிற்கிறது; ஒவ்வொன்றும், எல்லாவற்றுக்கும் பொதுவான இரண்டு முதல் ஐந்து வரையிலான எக்ஸான்களோடு ஒட்டப்பட்டு ஒரு தனி நொதியாகிறது. தலைகள் பல, உடல் ஒன்று. கன் எலியில் அந்தப் பொதுவான நான்காவது எக்ஸானில் ஓர் எழுத்து விடுபட்டுவிட்டது. சட்டகம் நகர்ந்தது, குடும்பம் முழுவதும் சாய்ந்தது. பிழை சிறிதாக இருந்தாலும், அது எந்த எக்ஸானில் விழுந்தது, அந்த எக்ஸான் எத்தனை வாசகங்களில் சேர்கிறது என்பதைப் பொறுத்தே சேதம்.

எல்லா நொதி வேறுபாட்டையும் ஸ்ப்ளைசிங் தலையில் கட்டிவிடக் கூடாது. டார்க் அகூட்டி எலிகள் டெப்ரிசோகுவின் என்ற மருந்தைச் சரியாகச் சிதைக்காதவை, அங்கே சி.ஒய்.பி.2டி2 நொதியின் உற்பத்தியே குறைவு. சில ஃபிஷர் 344 எலிகளில் டி.பி.பி.4 நொதி இல்லை; அங்கே ஓர் அமினோ அமிலம் மாறியிருக்கிறது, வெட்டும் இடம் சரியாகவே இருக்கிறது.

அப்படியானால் ஒரு வேறுபாடு வெட்டும் இடத்தில்தான் என்று எப்படி உறுதி செய்வது? டி.என்.ஏ.வோடு நின்றுவிடாமல் ஆர்.என்.ஏ.வையும் படிக்க வேண்டும். சம்பந்தப்பட்ட திசுவிலிருந்து ஆர்.என்.ஏ. எடுத்து, எந்த எக்ஸான் எதனோடு ஒட்டியிருக்கிறது என்று எண்ண வேண்டும். கல்லீரலில் தெரியும் வேறுபாடு மூளையில் தெரியாமல் போகலாம். திசுவைத் தவறாகத் தேர்ந்தால் பிழை கண்ணில் படாது. இரண்டு கால்வழிகளைக் கலந்து பிறந்த குட்டியில் பார்ப்பது இன்னும் நல்ல உத்தி. தாயின் படியும் தந்தையின் படியும் ஒரே செல்லுக்குள், ஒரே கருவியால் வெட்டப்படுகின்றன. அங்கேயும் ஒரு படி மட்டும் வேறு மாதிரி வெட்டப்பட்டால் குறை அந்தப் படிக்குள்ளேயே இருக்கிறது. இரண்டும் ஒரே மாதிரி ஆகிவிட்டால் ஆர்.பி.எம்.20 போன்ற வெளியாள் மீது சந்தேகப்படலாம்.

பெரிய அளவில் தேடுவதற்கு வேறு வழி இருக்கிறது. 1984இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் எட்டு தூய கால்வழிகளைக் கலந்து ஓர் எலித் தொகையை உருவாக்கினார்கள். ஒவ்வோர் எலியும் அந்த எட்டு முன்னோர்களின் துண்டுகளைக் கலைத்துப்போட்டது போல இருக்கும். இவற்றின் மூளையில் ஐந்து பகுதிகளிலிருந்து ஆர்.என்.ஏ. எடுத்து ஆராய்ந்த வேலை 2022இல் வெளியானது. மரபணு எவ்வளவு படியெடுக்கப்படுகிறது என்பதோடு, எப்படி வெட்டி ஒட்டப்படுகிறது என்பதையும் எந்த டி.என்.ஏ. வேறுபாடு நிர்ணயிக்கிறது என்று அதில் வரைபடமாக்கினார்கள்.

ஒரு பொறியும் உண்டு. எலிக்கான மாதிரி மரபணு வாசகம் பிரௌன் நார்வே என்ற ஒரே கால்வழியிலிருந்து எழுதப்பட்டது. முதல் வரைவு 2004இல் வந்தது. வேறு கால்வழியின் ஆர்.என்.ஏ.வை அதோடு ஒப்பிடும்போது, எழுத்து வேறுபாடு இருக்கும் இடங்களில் கணினி சரியாகப் பொருத்தத் தவறும். எக்ஸான் விடுபட்டிருப்பதாகத் திரையில் தெரியும். உண்மையில் விடுபட்டது நம் பொருத்தம்தான். ஆர்வமூட்டும் 'கண்டுபிடிப்பு' ஒன்று கிடைத்ததும் முதலில் இதைத்தான் நான் சந்தேகப்படுவேன்.

'எலிகளுக்கு இந்த மருந்து கொடுத்தோம்' என்று மட்டும் எழுதி, எந்தக் கால்வழி, எந்த வளர்ப்பகத்திலிருந்து வந்தது என்று சொல்லாமல் விடும் ஆய்வறிக்கைகள் எனக்கு எரிச்சலூட்டுகின்றன. விஸ்டர் என்ற பெயரிலேயே பல தனித்தொகைகள் இருக்கின்றன. அந்த எரிச்சலுக்குக் காரணம் ஹான்/விஸ்டர் எலிதான். டயாக்சின் கொடுத்த இரண்டு வகை எலிகளின் கல்லீரலையும் எடுத்து, சி.ஒய்.பி.1ஏ1 நொதி எவ்வளவு உயர்ந்தது என்று மட்டும் அளந்திருந்தால், இரண்டும் ஒரே மாதிரி எலிகள் என்றே அறிக்கை எழுதியிருப்பார்கள். அந்த நேரத்தில் ஒரு கூண்டு எலிகள் இரை எடுக்காமல் மெலிந்து செத்துக்கொண்டிருக்கும்.